ஒரு கிற்றாரும் எங்கள் தையல் வகுப்பும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை லண்டனில் நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் கிற்றார் பற்றி அரை மணித்தியாலம் கதைக்க வேணும்" என்றார். வாசிப்பதைப் பற்றி என்றால் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு நாலைந்து சுரக்கூட்டுகளுக்கு மேல் வராது. நான் கதைக்கப் போவது கிற்றார் செய்வதைப் பற்றி.

நான் 34 ஆண்டுகள் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற ஆண்டு ஒக்ரோபரில் எங்கள் பகுதியிலுள்ள வளர்ந்தோர் கல்வி நிலையத்துக்கு மலர் அலங்கார வகுப்பில் சேரப் போனேன். அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. பக்கத்து அறையில் இசைக்கருவி செய்யும் மாலை வகுப்புக்கு இடமிருந்தது. பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் கணவர் மறுமொழி சொல்லாமல் தேநீர் ஊற்றிக் குடித்தார். வகுப்பில் பதினொரு பேர்; பெண் நான் ஒருத்திதான். இரண்டு குளிர்காலம் எடுத்தது. செய்து முடித்தது ஒரு மின் கிற்றார்.

இதை இந்த மேடையில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கிற்றாரில் பாதி வேலை எங்கள் கல்லூரித் தையல் அறையில் நான் படித்தது. மறுபாதி, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கல்லூரியின் மரவேலைக் கூடத்தில் இருந்தது. அங்கே உளி தட்டும் சத்தம் எங்கள் மனையியல் வகுப்புக்குக் கேட்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் கண்டதில்லை. இன்று பின்னேரம் பொதுக்கூட்டத்தில் நூற்றாண்டு நினைவுத் திட்டம் பற்றிப் பேசப் போகிறோம். என் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். மின் கிற்றாரில் தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். உருக்குத் தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்கும். கருவியின் உடல் வயலின் மாதிரி முழுக் கோறையாக இருந்தால் ஒரு தொல்லை வரும். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்ததும் "கூ" என்று காதைக் கிழிக்கும் ஊளை எழும்பும், நினைவிருக்கிறதா? அதே தொல்லைதான். ஒலிபெருக்கியின் சத்தம் கோறைப் பெட்டியை உலுக்கும். பெட்டி தந்தியை உலுக்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். சுற்றிச் சுற்றிப் பெருகும். உடல் முழுவதும் கெட்டிப் பலகையாக இருந்தால் ஊளை அடங்கிவிடும், ஆனால் பெட்டிக்குள் காற்று அசைவதால் வரும் அந்த இளக்கமும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. தந்திக்கு நேர் கீழே நடுவில் கெட்டிக் கட்டை, இரண்டு பக்கமும் கோறை. ஆங்கிலத்தில் செமி ஹொலோ என்பார்கள். நான் அதை அரைக்கோறை என்று சொல்கிறேன்.

1940ஆம் ஆண்டளவில் லெஸ் போல் என்ற அமெரிக்கக் கலைஞர், நியூயோர்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போயிருந்து, நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டினார். வாத்தியம் நன்றாகவே பேசியது. ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அது வெறும் மரக்குற்றியாகத் தெரிந்தது. ஆகவே ஒரு கிற்றாரின் உடலை நடுவால் அறுத்துக் கட்டையின் இரண்டு பக்கமும் செட்டையாகப் பொருத்தினார். அந்தச் செட்டை கண்ணுக்காக வைத்தது. 1958இல் ரெட் மக்காட்டி தலைவராக இருந்தபோது கிப்சன் நிறுவனம் ஈ.எஸ். 335 என்ற கிற்றாரை வெளியிட்டது. அதில் நடுவே மேப்பிள் கட்டை, இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆன கோறைச் செட்டைகள், வயலினில் இருப்பது போல எஃப் வடிவத் துளைகள் இரண்டு. இங்கே செட்டை காதுக்காக வந்துவிட்டது. பி.பி. கிங் தம் கிற்றாரை லூசில் என்று பெயர் சொல்லி அழைத்தவர். பிற்காலத்தில் அந்தப் பெயரிலேயே கிப்சன் அவருக்காகச் செய்த கிற்றாரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஊளை குறைய அதற்குத் துளைகளே வைக்கவில்லை.

ஆனால் வீட்டில் கிற்றார் செய்கிறவர்களுக்கு லெஸ் போல் அல்ல, பிறையன் மேதான் குலதெய்வம். 1963இல் அவருக்கு 16 வயது. கடையில் விற்கும் மின் கிற்றார் வாங்க வீட்டில் வசதியில்லை. தகப்பனார் ஹரோல்ட் இலத்திரனியல் தெரிந்தவர். லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில் இருந்த வீட்டில் இருவருமாகச் செய்யத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு சென்றது. கழுத்து, யாரோ கழித்துவிட்ட கணப்படுப்பின் மேற்பலகை. பழைய மகோகனி, பூச்சி அரித்த துளைகளை நெருப்புக்குச்சியால் அடைத்தார்கள். நடுக்கட்டை ஒரு பழைய ஓக் மேசை. அதுவும் அரைக்கோறைதான். சுரத்தை வளைக்கும் கைப்பிடி, சைக்கிளில் பை தாங்கும் கம்பி. அந்தக் கம்பியின் நுனியில் மாட்டியது தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. விரற்பலகையில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். 2002இல் எலிசபெத் மகாராணியாரின் பொன்விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று அவர் வாசித்தது இந்தக் கிற்றாரைத்தான். தகப்பனும் மகனும் செய்த கிற்றார் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள், அது உண்மையும்தான். எனக்கு அந்தத் தையல் பெட்டி மேல்தான் கண் போனது.

எங்கள் ஆசிரியர் முதல்நாள் வகுப்பில், கிற்றாரின் உருவத்தை வரையச் சொல்லி ஆளுக்கொரு பெரிய கடதாசி தந்தார். மற்றவர்கள் இடமும் வலமும் அளந்து அளந்து வரைந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கொழுத்துப் போக, அழித்து அழித்து வரைந்தார்கள். நான் கடதாசியை நடுவில் மடித்தேன், பாதியை மட்டும் வரைந்தேன், கத்தரிக்கோலால் வெட்டி விரித்தேன். பிறவுண் பேப்பரில் சட்டை வெட்டிய எவருக்கும் இது தெரியும். ஆசிரியர் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதன்பிறகு வகுப்பில் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

என் உடற்பலகையும் மகோகனிதான். பழைய தளபாடக் கடையில் வாங்கிய சாப்பாட்டு மேசையின் இணைப்புப் பலகைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினேன். சுழல்வெட்டி கொண்டு இரண்டு பக்கமும் குடைந்தெடுத்து, முதுகில் 6 மில்லிமீற்றர் விட்டு, நடுவில் கையகலக் கட்டையை அப்படியே விட்டேன். மேலே மூடுவதற்கு மேப்பிள் பலகை. அதில் தீச்சுவாலை போல வரிகள் ஓடும். ஒரே பலகையைப் புத்தகம் விரிப்பது போல இரண்டாகப் பிளந்து பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால், வரிகள் நடுமூட்டில் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போலச் சந்திக்க வேண்டும். கட்டம்போட்ட துணியில் சட்டை தைக்கும்போது நடுத்தையலில் கட்டம் பொருந்தாவிட்டால் எங்கள் தையல் ரீச்சர் என்ன செய்வார்? பிரித்துத் தரச் சொல்லுவார். மரத்தைப் பிரித்துத் தைக்க முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்னர் பசையில்லாமல் பலதடவை பொருத்திப் பார்த்தேன்.

கழுத்து, உருக்குக் கோல், இதெல்லாம் சொன்னால் நேரம் போய்விடும். ஆறு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ பாரமளவுக்குக் கழுத்தை இழுக்கும், அதைத் தாங்கத்தான் உள்ளே அந்தக் கோல் என்பதோடு விடுகிறேன். ஆனால் மெட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன்.

எங்கள் சங்கீத அறையில் இருந்த வீணை எல்லோருக்கும் நினைவிருக்கும். பலாமரத்தில் கடைந்த குடம். 24 மெட்டுகள் கரிய மெழுகில் பதித்திருக்கும். அந்த மெட்டுகளை மேளம் கட்டுபவர் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி வைப்பார். கிற்றாரில் அந்த வசதி இல்லை. மெட்டு ஒவ்வொன்றுக்கும் விரற்பலகையில் வாளால் வெட்டுப் போட்டு உலோகக் கம்பியை இறுக்கி அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு நகராது. ஆகவே இடத்தைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். ஓர் எட்டுச்சுரத் தொகுதிக்குள் பன்னிரண்டு அரைச்சுரங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஒரே மடங்கு உயர வேண்டும், பன்னிரண்டாவதில் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். அதாவது இரண்டின் பன்னிரண்டாம் மூலம். பெருக்கல் விருத்தி!

எங்கள் கணித ரீச்சர் மடக்கை அட்டவணையை மேசையில் வைத்து எங்களைப் பாடாய்ப்படுத்தியபோது, பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "ரீச்சர், இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள். அவள் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள், பெயர் சொல்லமாட்டேன். இரண்டின் மடக்கை 0.3010. பன்னிரண்டால் பிரித்தால் 0.0251. முரண்மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 1.0595. என் கிற்றாரின் தந்தி நீளம் 628 மில்லிமீற்றர். அந்த மடங்கின்படி முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து 35.25 மில்லிமீற்றரில் விழும். அடுத்த இடைவெளி 33.27. இப்படி இடைவெளி ஒவ்வொன்றும் குறைந்து கொண்டே போய், பன்னிரண்டாவது மெட்டு சரி பாதியில், 314இல் நிற்கும். வகுப்பில் மற்றவர்கள் கைத்தொலைபேசியில் தட்டி எடுத்தார்கள். நான் கடதாசியிலும் போட்டுப் பார்த்தேன். விடை ஒன்றாகவே வந்தது. விரற்பலகைக்குக் கருங்காலி போட்டேன், ஆபிரிக்கக் கருங்காலி. எங்கள் நாட்டுக் கருங்காலிக்கு உலகமெல்லாம் பெயர் உண்டு, ஆனால் மரமாக ஏற்றுமதி செய்ய முடியாது. அப்படியே இருக்கட்டும்.

இனிச் சாயம். நான் இந்த வகுப்பில் மிகவும் மகிழ்ந்திருந்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதி தாருங்கள்.

மரத்துக்கு நிறம் ஏற்ற இரண்டு வழி. ஒன்று பெயின்ற் போல மேலே படியும் நிறத்தூள். மரத்தின் முகம் மறைந்துவிடும். மற்றது சாயம், தண்ணீரிலோ ஸ்பிரிற்றிலோ முழுதாகக் கரைந்து மரநாருக்குள் இறங்கும். மேப்பிளின் சுவாலை வரிகளைக் காட்டச் சாயம்தான் வேண்டும். சாயம் பிடிப்பதில் மரத்துக்கும் துணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டேன். புதுத் துணியை முதலில் அலசிக் கஞ்சி போக்குவோம். மரத்தை அரத்தாளால் தேய்த்து மெருகாக்கிய பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படுத்திருந்த தும்புகள் எழும்பி நிற்கும். காய்ந்ததும் மெல்லத் தேய்க்க வேண்டும். தும்பு எழும்பாமல் அடங்கும்வரை இரண்டு மூன்று தடவை. இதைச் செய்யாமல் சாயம் பூசினால் பலகை ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி ஆகும்.

பத்திக் செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மரத்தில் பசைதான் மெழுகு. வகுப்பில் ஓர் இளைஞனின் பலகையில் எஃப் துளை ஓரமாக ஒரு சொட்டுப் பசை காய்ந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயம் பூசியதும் வெள்ளைத் தேமல் போல எழும்பி வந்தது. நான் என் பலகையைச் சாய்த்து விளக்குக்கு எதிரே பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, நனையாமல் வெளிறி நிற்கும் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். மெழுகு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கப் பழகியவள் அல்லவா.

சாயத்தூளை மருந்து நிறுப்பது போலத்தான் நிறுத்தேன். காய்ச்சி வடித்த நீர் கால் லீற்றரைச் சூடாக்கி, அதற்கு 7 கிராம் தூள். ஒரு நாள் வைத்து வடித்தெடுத்தேன். முதலில் பூசுவது என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? கறுப்பு. இத்தனை மாதம் பாடுபட்டுத் தேய்த்த வெண்ணிறப் பலகையில் மைக் கறுப்பைப் பூசுவதற்கு மனம் கல்லாக வேண்டும். காய்ந்ததும் அரத்தாளால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு போய்விடும், ஆனால் வரிகளில் மட்டும் நிற்கும். அந்த இடங்களில் நார் குறுக்குவெட்டாக மேலே முகம் காட்டுவதால் சாயத்தை ஆழமாகக் குடித்திருக்கும். அதற்கு மேல் நடுவில் தேன் மஞ்சள், ஓரங்களில் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தை ஈரம் காயும் முன்னர் துணியால் இழுத்து இழுத்துக் கலந்துவிட வேண்டும். நான் தேடிய சிவப்பு எது என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக் கொடியின் அரக்குச் சிவப்பு. அதே மேப்பிளின் கழிவுத் துண்டுகளில் பதினேழு மாதிரி செய்து பார்த்து, பன்னிரண்டாவதை எடுத்தேன்.

சிவப்பு என்றதும் எங்கள் ஊர்ச் சாயவேரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான இடங்களில் விளையும் சிறு செடி அது. ஒல்லாந்தர் காலத்தில் அதன் வேரைத் தோண்டியெடுப்பது அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. துணிக்குச் சிவப்பு ஏற்றும் அந்த வேரிலும் ஐரோப்பியரின் மஞ்சிட்டி வேரிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே பொருள். 1856இல் இதே லண்டனில், 18 வயதான வில்லியம் பேர்கின் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலினில் ஊதாச் சாயத்தைக் கண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஜேர்மனியில் அலிசரினையும் ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். அதன்பின் வேர் தோண்டுகிறவரின் பிழைப்பு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் ஆசைக்கு ஒரு மேப்பிள் துண்டைப் படிகாரத்தில் ஊறவைத்து மஞ்சிட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். பருத்தியில் எரிகிற சிவப்பு, மேப்பிளில் வெளிறிய செங்கல் நிறமாக வந்தது. ஆகவே கிற்றாருக்கு அனிலின் வகைத் தூளைத்தான் பூசினேன். அந்தச் செங்கல் நிறத் துண்டை எறிய மனம் வரவில்லை, என் மேசையில் இருக்கிறது.

சிவப்புச் சாயத்துக்கு வெயில் எதிரி. 1958 தொடக்கம் 1960 வரை கிப்சன் செய்த பல கிற்றார்களில் ஓரச் சிவப்பு வெளிச்சத்தில் மங்கித் தேன் நிறமாகிவிட்டது; இன்று சேகரிப்பவர்கள் அந்த மங்கலுக்கே அதிக விலை கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் சாறி மங்கினால் யாரும் விலை கூட்டித் தரமாட்டார்கள். என் மாதிரித் துண்டு ஒன்றைப் பாதி மூடி நாலு மாதம் யன்னலில் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பிப் பூசினேன். அதன் மேல் அவலரக்கை ஸ்பிரிற்றில் கரைத்து, பழைய பருத்திச் சாறித் துண்டுக்குள் பஞ்சை முடிந்து, ஆறு கிழமை தேய்த்தேன். அந்தச் சாறி அம்மாவுடையது. பலதரம் தோய்த்த பருத்தியைப் போல மென்மையான துணி கடையில் இல்லை.

கம்பிச் சுருளும் நானே சுற்றினேன். இரைச்சலை அடக்க இரண்டு சுருளை எதிர்த்திசையில் இணைக்கும் முறையை 1955இல் கிப்சனில் சேத் லவர் என்பவர் வகுத்தார். மின்கம்பிகளிலிருந்து வரும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடும். சுருளொன்றுக்கு 5,000 சுற்று, கம்பி தலைமயிரளவு. பழைய தையல் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிச் சுற்றினேன். கம்பியை விரலுக்கிடையில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது, நூல் அறாமல் பொபின் சுற்றிப் பழகிய விரலுக்குத் தானே தெரிகிறது.

கடைசியில் ஒரு சிக்கல். மேற்பலகை ஒட்டிய பிறகு உள்ளே போவதற்கு எஃப் துளை மட்டும்தான் வழி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களையும் கம்பிகளையும் அந்தத் துளையால் உள்ளே விட்டு, மறுமுனையில் உள்ள சிறு ஓட்டைகளால் வெளியே எடுக்க வேண்டும். வகுப்பில் ஒருவர் வளைந்த கம்பியோடு ஒரு மாலை முழுவதும் போராடினார். நான் ஒவ்வொரு ஓட்டையாலும் நூலை விட்டு, எஃப் துளையால் கொக்கிபோட்டு எடுத்து, குமிழின் காம்பில் முடிச்சுப் போட்டு இழுத்தேன். உள்பாவாடைக்கு நாடா கோப்பது போல. இருபது நிமிடம். ஆசிரியர் இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். உள்பாவாடை நாடாவை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது கிற்றார் செய்வதை விடக் கடினமாக இருந்தது.

இனி இன்றைய விடயத்துக்கு வருகிறேன். கிப்சன் தொழிற்சாலை அப்போது மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் இசைக்கருவி செய்யவில்லை என்பது போலத்தான் நிறுவனத்தின் பேச்சு இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கான கிற்றார்கள் அங்கிருந்து வெளியேறின. தலையில் சிறு பட்டிகை வரைந்த அந்தக் கிற்றார்களை இன்றும் வாத்தியக்காரர் தேடி வாங்குகிறார்கள். அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழிற்சாலை வாசலில் ஒரு கூட்டம் பெண்கள் நிற்கும் பழைய புகைப்படத்தைப் பார்த்து, ஜோன் தோமஸ் என்ற சட்டப் பேராசிரியர் அவர்களைத் தேடிப் போனார். அப்போதும் உயிரோடிருந்த சிலரைக் கண்டு கதைத்து நூலாக எழுதினார். அந்தக் கிற்றார்களுக்கு எக்ஸ்றே எடுத்தும் பார்த்தார். ஆண்கள் செய்தவற்றை விட உள்வேலை நுணுக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். போர் முடிந்ததும் ஆண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பெண்களின் கை கற்றது அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது.

இதைப் படித்த இரவு எனக்கு எங்கள் கல்லூரி வீணைதான் நினைவுக்கு வந்தது. ஒரு சித்திரை வெயிலில் அதன் மெழுகு இளகி மெட்டுகள் சரிந்தன. மேளம் கட்டத் தெரிந்தவர் வரும்வரை மாதக்கணக்கில் அது துணி மூடிக் கிடந்தது. அறைக்குள் வீணை படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் இருந்தோம். தையல் தெரியும், மெழுகு உருக்கத் தெரியும், சுருதி கேட்கத் தெரியும், பெருக்கல் விருத்தியும் தெரியும். அதில் கை வைக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. யாரும் எங்களைத் தடுக்கவும் இல்லை. அந்த எண்ணம் வருவதற்கு ஒரு மேசை வேண்டும், மேசையில் ஓர் உளி கிடக்க வேண்டும்.

நூற்றாண்டு நிதிக்கு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன: வாசலில் ஒரு நினைவு வளைவு, அல்லது பழைய மனையியல் அறைக்குப் பின்னாலுள்ள கட்டடத்தைத் திருத்தி ஒரு கைவினைக் கூடம். வளைவு அழகாகத்தான் இருக்கும், அதன் கீழ் நின்று எல்லோரும் படமெடுக்கலாம். ஆனால் என் வாக்கு கூடத்துக்கு. "பெண்பிள்ளைகள் விரலை வெட்டிக்கொள்வார்கள்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு வயதில் எங்கள் கையில் கொதிக்கும் மெழுகும், நெருப்புக் கரி போட்ட இஸ்திரிக்கைப் பெட்டியும், சாணை பிடித்த கத்தரிக்கோலும் தந்தார்கள். எல்லோருக்கும் பத்து விரல் இருக்கிறது, நான் இங்கே வரும்போது எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

பெரிய இயந்திரங்கள் வேண்டாம். உறுதியான மேசை ஆறு, இடுக்கிகள், உளி, சீவுளி, வாள், அரம், தீட்டுகல், நல்ல வெளிச்சம். மரத்துக்கு ஊரில் பஞ்சமில்லை. காற்றில் விழுந்த பலாவும் வேம்பும் மகோகனியும் விறகாகத்தான் போகின்றன. படிப்பிக்க ஊரில் தச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுக்க வேண்டும், தொண்டாகக் கேட்கக்கூடாது. முதல் ஆண்டுச் சம்பளத்தை நான் ஏற்கிறேன். என்னிடமுள்ள பதினாறு கிளாம்ப்களையும், மெட்டு வெட்டும் வாளையும், சுருள் சுற்றும் மோட்டாரையும் அடுத்த கப்பல் பொதியில் அனுப்புகிறேன். உளிகள் ஏழையும் மட்டும் இன்னும் ஓராண்டு வைத்திருக்க விடுங்கள், இரண்டாவது கிற்றார் பாதியில் நிற்கிறது.

பொதுக்கூட்டத்தில் இது மூன்றாவது தீர்மானம். அதற்கு முன்னர் தேநீர். கிற்றாரைக் கொண்டுவந்திருக்கிறேன், பின்மேசையில் இருக்கிறது. தூக்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், துளைக்குள் எட்டிப் பார்க்கலாம். அரக்குப் பூச்சு கீறுப்படும், காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வாருங்கள்.